தாள் தேய்த்த மீனம்மாள்

என் மருமகள் மீனம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் முகத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, வலது தோளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இடது தோளைவிட அது ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். ஜாக்கெட் தைக்கிறவள் ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பாள், "உனுக்கு மட்டும் ரெண்டு கைக்கும் ரெண்டு அளவு எடுக்கணும்டி" என்று. சின்ன வயதிலிருந்து கல்லைப் பிடித்துத் தேய்த்த தோள் அது. குறையென்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவள் அப்பா கண்ணப்பன் தண்டலத்துக் கொத்தனார். சிமெண்ட் வேலை இல்லை, சுண்ணாம்பு வேலை. சுண்ணாம்பை வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துச் சுவரில் பூசுவார். ஈரம் இழுக்கும்போதே கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். பூசுவது அப்பன், தேய்ப்பது மகள். தேய்த்து முடித்தால் சுவரில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். நான் பெண் பார்க்கப் போன அன்று அவள் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். இறங்கி வரச் சொன்னார்கள். "ஈரம் காஞ்சுடும், கொஞ்சம் குந்துங்க அத்தே, வந்துட்றேன்" என்று மேலேயிருந்தே சொன்னாள். எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. என் மகன் அண்ணாதுரைக்குத்தான் கொஞ்சம் பயம்.

நான் சொல்லப்போகிற இது நடந்தது தொண்ணூற்றொன்றில், அவள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்து வெகு காலம் கழித்து. அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பேரை உலகமே சொன்னது. அது வேறு சங்கதி, அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வதை எழுத நான்தான் இருக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் குலாம் தஸ்தகீர் பாய் வீடு இருந்தது. அவர் மெட்ராஸில் ஒரு உருது பத்திரிகைக்குக் கையாலேயே எழுதிக் கொடுக்கிறவர். அச்சுக் கோக்கிற மாதிரி இல்லை, முழுப் பக்கத்தையும் நாணல் பேனாவால் எழுதி, அதைத்தான் அச்சடிப்பார்களாம். ஆவணி மாதத்தில் அவர் வீட்டில் மராமத்து நடந்தது. மீனம்மாள் அங்கே கலவை தூக்கப் போனாள். முன்கட்டுச் சுவரை உடைக்க ஒருத்தன் கடப்பாறையை ஓங்கினான். இவள் கலவைச் சட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குறுக்கே போய் நின்றாள்.

"அதுல கை வெக்காத. அது எங்கப்பன் செவுரு. நான் தேச்சது."

சத்தம் கேட்டுப் பாய் வெளியே வந்தார். சுவரைப் பார்த்தார், இவள் கையைப் பார்த்தார்.

"நீதானா? இந்தச் செவுருல என் முகத்தைப் பாத்துத்தான் நான் தாடி கத்திரிக்கிறேன். உள்ளே வாம்மா, ஒண்ணு காட்டறேன்."

உள்ளே அவர் பாதியில் விட்டிருந்த வேலை கிடந்தது. ஒரு பலாப்பலகை, அதன்மேல் ஒரு தாள், பக்கத்தில் மரப்பிடி போட்ட வழவழப்பான கல். அகீக் கல் என்று பேர் சொன்னார். வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருத்தர், மகள் கல்யாணத்துக்குக் கொடுக்கப் பழைய தினுசில் ஒரு பாரசீகப் பாட்டுப் புத்தகம் கேட்டிருந்தார். அச்சில்லாமல் கையால் எழுதி, தங்கத்தால் பூவேலை செய்து தரவேண்டும். கல்யாணம் பொங்கல் கழித்து.

அந்தத் தினுசு எப்படி இருக்கும் என்று காட்டப் பாய் தன் தாத்தா காலத்துப் புத்தகம் ஒன்றைத் திறந்தார். நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ அதுதான் அதற்கு முதல் பக்கம். அந்தப் பக்கத்து உச்சியில் கோயில் விமானம் மாதிரி ஒரு முகப்பு. நீலத்தின் மேல் தங்கக் கொடி ஓடியது, கொடிக்குள் சிவப்பாகக் கடுகளவு பூக்கள். பக்கத்துக்குப் பக்கம் தங்கக் கோட்டில் கட்டம், கட்டத்துக்குள் பாட்டு. வரிக்கு வரி நடுவில் தங்கத்தில் மேகம் மேகமாய் விட்டிருந்தது. எழுத்தெல்லாம் வானத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது என்று மீனம்மாள் வீட்டுக்கு வந்து கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பின்னால் நானும் போய்ப் பார்த்தேன். அவள் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்லியிருந்தாள்.

இந்த வேலைக்கெல்லாம் அடிப்படை தாள். கைத்தாள் சொரசொரப்பாக இருக்கும். அதற்குக் கஞ்சியோ வெள்ளைக்கருவோ பூசிக் காயவைத்துக் கல்லால் தேய்த்தால்தான் நாணல் பேனா சிக்காமல் ஓடும், மை பரவாது, தங்கம் உட்காரும். எழுதவும் பூப்போடவும் பாய்க்குக் கை இருந்தது. தேய்க்கத் தோள் இல்லை.

"குடுங்க பாய்" என்று வாங்கி மீனம்மாள் ஒரு இழுப்பு இழுத்தாள். தாள் நடுவாந்தரமாகக் கிழிந்தது.

பாய் சிரித்துவிட்டார். "இது செவுரு இல்ல மீனம்மா. இதுக்குப் பின்னால செங்கல் இல்ல."

இன்னொரு தாளை எடுத்தாள், அழுத்தத்தைக் குறைத்தாள். சாயங்காலத்துக்குள் கை பிடிபட்டுவிட்டது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்த பாய், மொத்தப் புத்தகத்துக்கும் தாள் தேய்த்துக் கொடுக்கிறாயா என்று கேட்டார். அவள் உடனே தலையாட்டவில்லை. பழைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுத்து முக்கோணமாய்க் குறுகிக்கொண்டே போய் முடிந்திருந்தது. அதைக் காட்டி, "இது இன்னா?" என்றாள்.

"எழுதினவர் பேரு. எங்க தாத்தா. எந்த ஊர்ல, எந்த வருஷம் எழுதினார்னு இருக்கு."

"தாளு தேச்சவரு பேரு?"

"அத எழுத மாட்டாங்க. வழக்கமில்ல."

"ஏன்?"

பாய் புத்தகத்தை மூடினார். இவள் விடவில்லை. "தேய்க்கிறேன் பாய். ஆனா கடைசிப் பக்கத்துல என் பேரு இருக்கணும். இல்லன்னா கலவ தூக்கவே போறேன்."

பாய் தாடியைத் தடவினார். "சரி, பந்தயம். ஒரு தாள்ல கூட மை பரவக் கூடாது. அப்போ எழுதறேன்."

நாற்பது வயதை நெருங்குகிற பெண்பிள்ளை பேருக்காகப் பந்தயம் கட்டிவிட்டு வந்தாள் என்று தெரிந்ததும் தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டு ராஜாமணி வாசலிலேயே நின்று கேட்டாள், "இன்னாடி மீனா, ரேஷன் கார்டுல உன் பேரு கீதே, பத்தாதா?"

"அது கவர்மெண்டு எழுதினது. இது நான் சம்பாதிக்கிறது."

அவள் அப்பன் தேய்க்க வைத்த சுவர் எத்தனையோ வீட்டில் இருக்கிறது, ஒன்றிலும் அவள் பேர் இல்லை. அந்த ஏக்கம் அவளுக்கு இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தாள்கட்டு பிள்ளைப்பாக்கத்துக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. பெருமாளுக்கு உகந்த மாசத்தில் எங்கள் வீட்டில் முட்டை நுழையாது. நுழைய விடமாட்டேன், அதில் மாற்றமே இல்லை. மீனம்மாள் என்னோடு சண்டைக்கு வரவில்லை. பாயிடம் போய் வெள்ளைக்கருவுக்குப் பதில் கஞ்சி ஆகுமா என்று கேட்டாள். பழைய கைக்காரர்கள் கஞ்சியும் பூசியிருக்கிறார்கள், தாராளமாய்ப் பூசு என்றார். சோறு வடித்த கஞ்சியை எடுத்துத் துணியில் வடிகட்டிப் பூசினாள். காயவைத்துத் தேய்த்தாள். வெயில் நன்றாக இருந்த மாசம். தாளெல்லாம் சோழி மாதிரி மின்னியது. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் படுக்கிற அண்ணாதுரை மட்டும் போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுப்பான்.

"இது வூடா, மில்லா? மனுஷன் எங்க தூங்கறது?"

"நீங்க கம்பெனியிலயே தூங்கிட்டுத்தான வர்றீங்க" என்பாள் இவள். தேய்ப்பது நிற்காது.

நான் ஒருநாள் பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். மெல்லிய தங்க ரேக்குத் தகட்டைத் தேனோடு சேர்த்துப் பீங்கான் தட்டில் விரலாலேயே குழைத்துக்கொண்டிருந்தார். குழையக் குழையத் தங்கம் காணாமல் போய்ச் சேறு மாதிரி ஆகிறது. தண்ணீர் விட்டுத் தேனைக் கழுவினால் தங்கம் அடியில் தூளாய்த் தங்குகிறது. அதில் கோந்து கலந்து அணில்வால் முடித் தூரிகையால் பூப்போடுகிறார். இத்தனை பாடுபடுகிறாரே, பாட்டு சாமியைப் பற்றித்தானே என்று கேட்டேன்.

"அப்படியும் சொல்லலாம் பெரியம்மா. ரோஜாப்பூ, தோட்டம், அப்புறம் மது."

"குடிகாரன் பாட்டுக்கா தங்கம் வெக்கிற?"

"இது வேற குடி பெரியம்மா."

"குடிக்கிறவன் எல்லாரும் அப்படித்தான் சொல்றான்" என்றேன். பாய் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று பஸ்ஸில் வருகிறவன் போகிறவன் எல்லாம் சொன்னான். அப்படி ஒரு நாளில் பாய் குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கக்கத்தில் பாலிதீன் உறையில் சுற்றிய தாள்கள். முகம் சரியில்லை. எழுதி முடித்த தாள்களை எடுத்து வைத்தார். எழுத்து ஓரமெல்லாம் மயிர் முளைத்த மாதிரி மை பரவியிருந்தது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு, பிரித்ததில் ஒன்றின் தங்கக் கட்டம் மற்றதோடு போய்விட்டது. தாளைக் கையில் பிடித்தால் நமுத்த அப்பளம்.

பாய் கோபப்படவில்லை. அதுதான் மீனம்மாளுக்குத் தாங்கவில்லை.

"போனாப் போவுதும்மா. பாரிமுனையில ஆர்ட் பேப்பர் விக்கிறான். மிஷின்லயே பளபளன்னு வருது. அதுல எழுதிக் குடுத்துடறேன். கல்யாணத் தேதி நமக்காக நிக்காது பாரு."

மீனம்மாள் கிட்டே வந்து குனிந்தாள். ஒரு தாளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள், மோந்தாள். பிறகு அதன் மூலையை நாக்கில் வைத்தாள்.

"இன்னாம்மா, தாளைத் திங்கறே?"

"உப்பு" என்றாள்.

எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்போதே உப்புப் போட்டுவிடுவோம். வடித்த கஞ்சியை அப்படியே குடிப்போம், அதற்காக. அந்தக் கஞ்சியைத்தான் அவள் யோசிக்காமல் தாளுக்குப் பூசிவிட்டாள். வெயில் நாளில் ஒன்றும் தெரியவில்லை. மழை வந்ததும் தாளிலிருந்த உப்பு காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டது. இதைக் கேட்டுவிட்டு, கிழவி உப்புப் போட்டதால்தானே என்று ராஜாமணி பின்னால் என்னைக் குத்தினாள். உலையில் உப்புப் போடுவது தப்பில்லை. இன்றைக்கும் போடுகிறேன். சோறு மனுஷருக்கு, தாளுக்கு இல்லை.

மீனம்மாள் எழுந்து நின்றாள். "எழுதாத தாளு எவ்ளோ கீது பாய்?"

"முக்கால்வாசி."

"எல்லாத்தையும் குடுங்க. எழுதினத விட்டுடுங்க, அது போச்சு, அதுக்குப் பதிலு புதுத் தாளு குடுங்க. எழுதாதத நான் கழுவறேன்."

"தாளைக் கழுவறதா? கழுவி இந்த மழையில எங்க காயவெப்பே?"

"அது என் கவல. ஆர்ட் பேப்பர் மட்டும் வாங்காதீங்க. கார்த்திக வரைக்கும் பொறுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஓட்டுத் தண்ணீரை அண்டாவில் பிடித்தாள். மழைத் தண்ணீரில் உப்பு இல்லை. பெரிய தாம்பாளத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொரு தாளாய் மிதக்கவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினாள். ஊறிய தாளைக் கையால் தூக்கினால் பிய்ந்துவிடும். ஒரு மல்லுத்துணியை அடியில் விட்டு, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்குவாள். ஒவ்வொன்றையும் நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. எந்த நேரமும் நாக்கு வெளுத்திருக்கும்.

காயவைப்பதுதான் பெரிய பாடு. வீட்டுக்குள் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். அடுப்படியில் கட்டினால் புகை ஏறும். அண்ணாதுரை வேலை பார்த்த கம்பெனியில் பெயிண்ட் அடித்த இரும்புச் சட்டங்களைக் காயவைக்க ஒரு சூட்டு அறை இருந்தது. மீனம்மாளுக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது.

"ஈரப் பேப்பர எடுத்துக்கினு கம்பெனிக்குப் போனா லைன்ல கீறவன் எல்லாம் சிரிப்பான்டி" என்றான் அண்ணாதுரை.

"நீங்க சிரிப்ப வாங்கிக்கினு வாங்க. நான் பேர வாங்கிக்கிறேன்."

அவன் போய் சூப்பர்வைசர் சாம்சனைக் கேட்டான். சாம்சனும் பிள்ளைப்பாக்கத்துக்காரர்தான், வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னாய்யா அண்ணாதுரை, OT கேப்பேன்னு பாத்தா துணி காயப்போட இடம் கேக்கற?"

"துணி இல்ல சார், தாளு. தங்கத்துல பூப்போடற தாளு."

சாம்சன் கேலியை விட்டுவிட்டார். "எங்க ஆத்தா வேதபுஸ்தகத்துக்கு ஓரமெல்லாம் தங்கம் கீது. அதத் தொட்டாலே கைய கழுவினு வாடான்னு அடிக்கும். சரி, கொண்டா. பெரிய சூடு அணைஞ்சப்புறம் கட்டிக்கோ. பெயிண்ட் சொட்டினா என்னைக் கேக்கக் கூடாது."

சட்டங்களுக்கு நடுவில் கயிறு கட்டித் தாள்களைத் தொங்கவிட்டார்கள். முதலில் சிரித்தவர்கள்தான் பிறகு, "ஓரமா போய்யா, அண்ணி தாளு கீது" என்று ஒருத்தரை ஒருத்தர் விலக்கினார்களாம். தாள் சலசலவென்று காய்ந்து வந்தது. ஒன்றிலும் சொட்டு இல்லை.

அதற்குள் புரட்டாசி போய் வெகு நாளாகியிருந்தது. முட்டைக்கு நான் தடை சொல்லவில்லை. வெள்ளைக்கருவும் படிகாரமும் தாளுக்கு, மஞ்சள்கரு எங்களுக்கு. தெருவில் யார் வீட்டுக் குழம்பைத் திறந்தாலும் எங்கள் வீட்டு மஞ்சள்கருதான் மிதந்தது. பிறகு மறுபடி தேய்ப்பு. விடிந்தால் கல்லும் பலகையும்தான். தோளில் நான் எண்ணெய் தடவி விடுவேன், "ஒரு நாளு வுட்டுத் தேயேன்" என்பேன். "ஈரம் காஞ்சுடும் அத்தே" என்பாள். அன்று சாரத்தின் மேல் நின்று சொன்ன அதே பதில், அதே வீம்பு.

கார்த்திகையில் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் பாய் வீட்டுக்குப் போனோம். அண்ணாதுரை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பாய் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும், வெட்டியெறியப் போகிற இடத்தில், நாணல் பேனாவால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார், பார்த்தார், அடுத்ததை எடுத்தார். மீனம்மாள் அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணைச் சிமிட்டவில்லை. கடைசித் தாளிலும் கோடு கத்தியால் கீறியது மாதிரி நின்றது.

பாய் பேனாவை வைத்துவிட்டு அகீக் கல்லை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "பூ வேலை முடிஞ்சதும் தங்கத்தையும் நீயே தேச்சுக் குடு. என் கைக்கு இந்தப் பளபளப்பு வராது."

"பேரு?" என்றாள்.

"பந்தயத்துல தோத்துட்டியே மீனம்மா. ஒரு தாள்ல கூடப் பரவக் கூடாதுன்னு பேச்சு. கால்வாசி பரவிச்சே."

"தோத்தேன். இல்லன்னு சொல்லல. கழுவித் திரும்ப ஜெயிச்சேன்ல?"

"அப்போ உப்புப் போட்டவள்னும் எழுதட்டுமா?"

"எழுதுங்க. கழுவினவள்னும் எழுதுங்க."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "தேச்சவள்னு மட்டும் எழுதறேன். அது போதும். மீனம்மாள்... யாரோட? எங்க வழக்கத்துல பேரோட இன்னாரோட மகள், இல்ல மனைவின்னு வரணும்."

அண்ணாதுரை சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கண்ணப்பன் மகள்" என்றாள் மீனம்மாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், எம் புள்ள பேரு தங்கத்துல ஒட்டாதா? தாளக் கம்பெனிக்குத் தூக்கினு போனது யாரு?"

"அத்தே, தாளக் காயவெச்சது அவருதான். தேய்க்கக் கத்துக் குடுத்தது எங்கப்பன்."

நான் விடுவேனா? ஒரு வீட்டுக்கு வாழ வந்தவள் அந்த வீட்டு அடையாளம் இல்லாமல் பேர் போட்டுக்கொள்வதாவது! கடைசியில் நான் சொன்னேன், "அப்போ ஊரு பேரு போடு பாய். பிள்ளைப்பாக்கம்னு போடு. அது எங்க ஊரு, தண்டலமில்ல." மீனம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சரி என்றாள். புத்தகம் முடிந்ததும் அப்படித்தான் எழுதினார். எழுதியவன் குலாம் தஸ்தகீர், தாள் தேய்த்தவள் கண்ணப்பன் மகள் மீனம்மாள், பிள்ளைப்பாக்கம். அந்த வரியைச் சுற்றியும் தங்க மேகம் விட்டார்.

பூசிய தங்கம் காய்ந்ததும் மங்கலாக, மஞ்சள் மண் மாதிரித்தான் இருந்தது. மேலே ஒரு மெல்லிய தாளை வைத்து மீனம்மாள் கல்லை ஓட்டினாள். மேல்தாளை எடுத்தாள். தன் பேரைச் சுற்றியிருந்த இடம் பற்றிக்கொண்ட மாதிரி மின்னியது. அந்த எழுத்தைப் படிக்க அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எது அவள் பேர் என்று பாய் விரல் வைத்துக் காட்டினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். எங்கள் தெருவில் தன் பேரைத் தானே தேய்த்து ஒளி ஏற்றியவள் அவள் ஒருத்திதான். இதை யார் முன்னாலும் சொல்வேன்.

மார்கழியில் வியாபாரி வந்தார். முதலிலிருந்து கடைசி வரை ஒரு பக்கம் விடாமல் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் நின்று, "யார் இந்தம்மா?" என்றார். பாய் காட்டினார். அவர் எழுந்து நின்று மீனம்மாளுக்கு சலாம் சொன்னார். இவள் பதிலுக்குக் கும்பிட்டாள். வலது தோள் கொஞ்சம் உயர்ந்தே இருந்தது.

அண்ணாதுரை ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் கம்பெனி முழுக்க அவனேதான் சொல்லிக்கொண்டு திரிந்தான், "எம் பொண்டாட்டி பேரு தங்கத்துல கீது, தெரியுமா?" என்று. சாம்சன் சும்மா இருப்பாரா?

"அப்போ உன் பேரு எதுலய்யா கீது?"

"என் பேரு உங்க அட்டெண்டன்ஸ் மஸ்டர் ரோல்ல கீது சார். அதையாவது அழிக்காம வெச்சிக்கோங்க."